சேப்பல்

சிற்றாலயம் என்பது பொருள். வேர் லத்தீனில்: 'கப்பெல்லா', சின்ன மேலங்கி. 4ஆம் நூற்றாண்டில் ரோமப் படைவீரர் மார்ட்டின், குளிரில் நடுங்கிய பிச்சைக்காரருக்குத் தம் மேலங்கியை வாளால் பாதியாக வெட்டிக் கொடுத்தார் என்பது மரபுக் கதை. அந்தத் துணியைப் பிராங்க் மன்னர்கள் பொக்கிஷமாகக் காத்தார்கள்; அதை வைத்த இடத்துக்கே அதன் பெயர் வந்தது. படைப்பிரிவுப் பாதிரியாரைக் குறிக்கும் 'சாப்ளின்' என்ற சொல்லும் அந்தத் துணியில் பிறந்ததுதான்.

இங்கிலாந்தில் அரசு சார்ந்த ஆலயம் சர்ச். அதிலிருந்து விலகியோர் கூடியது சேப்பல். இந்தப் பேதம் கப்பலேறிக் கல்கத்தாவுக்கும் வந்தது. லண்டன் மிஷனைச் சேர்ந்தவர்கள் தர்மதலாவில் 1821இல் திறந்த ஆலயத்துக்கு 'யூனியன் சேப்பல்' என்று பெயர். 'யூனியன்' என்றால் கூட்டு. எனக்குப் பிடித்தது இந்த முன்னொட்டுதான். விலகியோரின் சொல்லோடு சேர்ந்திருப்போரின் சொல் ஒட்டிக்கொண்டது.

கோடைக்கு மலையேறிய மிஷனரிகளுக்கும் இந்தக் கூட்டு வழிபாடு தேவைப்பட்டது. முசூரியை அடுத்த லண்டூரில் 1903இல் எழுந்த கெல்லாக் நினைவாலயம் சபை வேறுபாடின்றி எல்லோருக்குமானது. இந்தி இலக்கணம் எழுதிய கெல்லாக்கின் பெயர் தாங்கிய அந்தக் கட்டடத்திலேயே மொழிப் பள்ளியும் நடக்கிறது.