மௌனப்படத்திலிருந்து ஓபரா மேடைக்கு

1922-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் நியூஜெர்ஸி மாகாணத்து ஃபோர்ட் லீ என்னும் ஊரில், ஈஸ்ட்மன் கோடக் கம்பெனியார் தங்கள் புதிய வர்ணப் பிலிமைப் பரீட்சித்துப் பார்க்க எடுத்த நாலைந்து நிமிஷப் படம் ஒன்று இன்றும் பத்திரமாக இருக்கிறது. சிவப்புச் சாயலும் பச்சைச் சாயலும் மாத்திரமே அறிந்த அந்தப் பிலிமில், முகத்தின் மேனிநிறமும் உதட்டின் செம்மையும் உயிர்பெற்று விளங்குகின்றன. அதில், ‘தி லைட் இன் தி டார்க்’ படத்திற்கென்று தைத்த உடையில், காமிராவுக்கு நேரே நின்று முகபாவங்களைக் காட்டும் ரூபவதிதான் ஹோப் ஹாம்ப்டன் அம்மையார்.

1897-இல் டெக்ஸஸ் மாகாணத்து ஹூஸ்டனில் பிறந்த இவரைப் படவுலகில் நிலைநிறுத்தியவர், ஈஸ்ட்மன் கம்பெனியின் பிலிமைப் படமுதலாளிகளுக்கு விற்றுப் பெருந்தனம் சேர்த்த ஜூல்ஸ் ப்ரூலட்டூர். 1920-இல் வெளிவந்த ‘எ மாடர்ன் ஸலோமி’யில் கதாநாயகியான அம்மையார், 1923-இல் ‘தி கோல்ட் டிக்கர்ஸ்’ படத்தில் நடித்தார். அவ்வாண்டே ப்ரூலட்டூரை மணந்தார். அதற்கு முன் அவர் மனைவியாக இருந்த டொரதி கிப்ஸனும் நடிகையே. டைட்டானிக் கப்பலிலிருந்து உயிர்தப்பி, ஒரே மாதத்திற்குள் அந்த விபத்தைப் பற்றிய படத்தில் தானே நடித்து, பிறகு படத்தொழிலை விட்டுச் சங்கீதத்தை நாடியவர் அவர். ஒருவரையே மணந்த இந்த இரு நடிகையரும் மௌனப்படத்தை விட்டு ஓபராவை நோக்கிச் சென்றது விசித்திரமான ஒற்றுமைதான்.

1927 அக்டோபரில் ‘தி ஜாஸ் ஸிங்கர்’ வெளிவந்து, ஊமையாயிருந்த திரைக்கு வாய் திறந்தது. அதே மாதத்தில் ஹாம்ப்டன், ஃப்ரிம்ல் இசையமைத்த ‘மை பிரின்ஸஸ்’ என்னும் ஓபரெட்டாவின் நாயகியாக நியூயார்க்கில் மேடையேறினார். நாடகம் சில வாரங்களுக்கு மேல் நிலைக்கவில்லை. சாரீரமுள்ள நடிகைகளைப் பேசும்படம் அழைத்துக்கொண்டிருந்த அத்தருணத்தில், 1928-இல் அவர் ஃபிலடெல்ஃபியா கிராண்ட் ஓபரா கம்பெனியில் சேர்ந்து, மஸ்ஸனேயின் ‘மனோன்’ ஓபராவில் நாயகி வேஷம் பூண்டார்.

இந்த வேஷம் எத்தகையது என்பதை உணர்ந்தாலன்றி அவருடைய துணிச்சல் விளங்காது. கன்னிமடத்துக்குச் செல்லும் வழியில் காதல்வயப்பட்டு ஓடிப்போகும் பேதைப் பெண், செல்வத்தின் மோகத்தில் காதலனைத் துறந்து பாரீஸின் உல்லாச மகளிரில் ஒருத்தியாகி, இறுதியில் நாடு கடத்தப்படும் வழியில் அக்காதலனுடைய கரங்களிலேயே உயிர்விடுகிறாள். இத்தனை அவஸ்தைகளையும், ஒலிபெருக்கியின் உதவியின்றி, பெரிய வாத்திய கோஷ்டியை மீறி, ஐந்து அங்கங்களிலும் குரலாலேயே காட்டியாக வேண்டும். திரையில் கண்ணசைவு ஒன்றால் காரியம் முடித்துப் பழகியவருக்கு, மூச்சை அடக்கி ஆளும் இந்தச் சாதகம் புதிதாக எடுத்த ஜன்மத்திற்குச் சமானம்.

புருஷனுடைய பணமே அவரைப் பாட வைத்தது என்று உலகம் பேசிற்று. 1941-இல் வந்த ‘ஸிட்டிஸன் கேன்’ படத்தில், தனவந்தன் ஒருவன் தன் மனைவியை வற்புறுத்தி ஓபரா மேடையேற்றும் கதைக்கு ஹாம்ப்டனையும் ஒரு மூலமாகச் சொன்னவர்கள் உண்டு. பணம் படமெடுக்கும், விளம்பரம் செய்யும், கதவுகளைத் திறந்துவிடும் என்பதையெல்லாம் நான் மறுக்கவில்லை. திரை விலகியபின் பாட்டை அது பாடித் தராது. ஹாம்ப்டனை மகா விதுஷிகளின் வரிசையில் வைக்க மாட்டேன். ஆயினும் அவரை வெறும் பணக்காரி என்று ஒதுக்குவது அநியாயம்.

1938-இல் ‘தி ரோட் டு ரீனோ’ என்ற பேசும்படத்தில், ராண்டால்ஃப் ஸ்காட்டுடன், ஓபராப் பாடகியாகவே அவர் நடித்தார். 1982-இல் நியூயார்க்கில் காலமானார். அவரைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல விரும்புவோர், முதலில் கோடக் சோதனைப் படத்தில் அவர் முகத்தைப் பார்த்து, பிறகு ‘ரீனோ’ படத்தில் அவர் குரலைக் கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.