குடத்துல வெட்டின ரெண்டு எழுத்து

மலருக்கு ஆளுக்கு ஒரு கட்டுரை எழுதித் தரணும்னு கூட்டத்துல தீர்மானம் போட்டப்போ, நான் குடும்ப வரலாறு எழுதுறேன்னு பேர் கொடுத்துட்டேன். சுலபமான வேலைன்னு நினைப்பு. முதல் வேலையா உறுப்பினர்கள்கிட்ட ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, தாத்தா பேரு, பூட்டன் பேரு, அப்பத்தா பேரு, அம்மாச்சி பேரு, அவங்களோட அம்மா பேரு எல்லாம் எழுதச் சொன்னேன். தாத்தா பேரை எல்லாரும் எழுதிட்டாங்க. பூட்டன் பேரையும் பாதிப் பேருக்கு மேல எழுதினாங்க, பட்டாவுல இருக்கே. அப்பத்தா பேரு வந்ததும் பேனா நின்னுபோச்சு. அம்மாச்சியோட அம்மா பேரை எழுதினது ஒரே ஒரு அக்காதான். அதுவும் அந்தப் பேரையே அவங்களுக்கு வச்சிருந்ததால தெரிஞ்சிருக்கு.

வெட்கத்தை விட்டுச் சொல்றேன், என் தாள்லயும் அப்பத்தா பேருக்கு நேரா ஒண்ணும் இல்ல.

அப்பத்தா சாகும்போது எனக்கு ஏழு வயசு. வெத்தலை உரல் இடிக்கிற சத்தம், சுங்குடிச் சேலை, சுருக்குப் பை, எல்லாம் ஞாபகம் இருக்கு. பேரு மட்டும் இல்ல. எங்களுக்கு அவங்க அப்பத்தா. எங்க அப்பாவுக்கு ஆத்தா. தாத்தா கூப்பிடுறது "ஏ, இந்தா". ஊருக்கு அவங்க மேலூர்க்காரி. மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்துல இருந்து வாக்கப்பட்டு வந்ததால அந்தப் பேரு. நம்ம ஊர்ல இன்னைக்கும் அப்படித்தானே? சிவகங்கைக்காரி, திருப்பத்தூர்க்காரின்னு வந்த ஊரே பேராப் போயிருது. வந்து அம்பது வருஷம் ஆனாலும் பொம்பளை வெளியூர்க்காரிதான். அந்த வெளியூருக்கே திரும்பிப் போனா அங்க இன்னாரு பொண்டாட்டின்னுதான் விசாரிப்பாங்க.

பேரு தொலைஞ்சு போறதுக்கு இன்னொரு காரணம் நம்ம மரியாதை. பேரன், பேத்திங்கிற வார்த்தையே பெயரன், பெயர்த்தியில இருந்து வந்தது. தாத்தா பாட்டி பேரைத் தாங்குறவங்கன்னு அர்த்தம். ஆனா மருமக மாமியார் பேரைச் சொல்லக் கூடாது. பிள்ளைக்கு மாமியார் பேரை வச்சுட்டு அந்தப் பேரைச் சொல்லி எப்படி அதட்டுறது? அதனால பாப்பா, ராசாத்தி, ஆத்தான்னு ஏதோ ஒண்ணு கூப்பிடுவாங்க. அசல் பேரு பள்ளிக்கூட ரிஜிஸ்டர்ல மட்டும் இருக்கும். பள்ளிக்கூடமே போகாத காலத்துல அதுவும் இல்ல. மரியாதைக்காகச் சொல்லாம விட்ட பேரு ரெண்டு தலைமுறையில தெரியாத பேரா ஆயிரும்.

இது நம்ம பக்கத்து சங்கதி மட்டும் இல்ல. நாடு சுதந்திரம் அடைஞ்சு நடந்த முதல் பொதுத் தேர்தலுக்கு (1951-52) வாக்காளர் பட்டியல் தயார் பண்ணினப்போ, இன்னாரு மனைவி, இன்னாரு அம்மான்னு மட்டும் சொல்லி, சொந்தப் பேரைச் சொல்லாத பெண்கள் லட்சக்கணக்குல இருந்தாங்க. பெரும்பாலும் வட மாநிலங்கள்ல. சொந்தப் பேரு இல்லாம பட்டியல்ல சேர்க்க முடியாதுன்னு அப்போதைய தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியா நின்னார். கடைசியில சுமார் 28 லட்சம் பெண்களை நீக்க வேண்டியதாப் போச்சு. ஓட்டுரிமை கைக்கு வந்தும், பேரைச் சொல்ல வாய் வராம அத்தனை பேர் அதை இழந்திருக்காங்க.

குலசாமி கோயில்ல பாத்தாலும் இதே கணக்குதான். வரி போடுறது தலைக்கட்டுக்கு. கல்யாணம் ஆன ஆம்பளை ஒரு தலைக்கட்டு. எங்க பங்காளிகள்ல புருசனை இழந்தவங்க வீட்டுக்கு அரை வரி. பொம்பளைப் பிள்ளைக்கு வரியே கிடையாது, அவ அடுத்த வீட்டுச் சாமிக்குப் போயிருவாள்ல! இத்தனைக்கும் நம்ம பக்கம் பல குடும்பங்கள் கும்பிடுற வீட்டுச்சாமியே ஒரு பொம்பளைதான். எப்பவோ வாழாம செத்துப்போன கன்னி, இல்ல பிரசவத்துல போன ஆத்தா. ஓலைப்பெட்டியில புதுச்சேலை, வளையல் வச்சு வருசத்துக்கு ஒருக்கா எடுத்துக் கும்பிடுறோம். பேரு கேட்டா சீலைக்காரிம்பாங்க. சேலைதான் நிலைச்சிருக்கு.

அப்படின்னா நம்ம பாட்டிமார் பேரு எங்கதான் எழுதியிருக்கு? யோசிச்சுப் பாத்ததுல எனக்குத் தெரிஞ்சு ஒரே ஒரு இடம்தான். பாத்திரம்.

பொண்ணுக்குச் சீர் வாங்கும்போது பாத்திரக் கடை வாசல்ல ஒருத்தர் சின்ன உளியும் சுத்தியலும் வச்சுக்கிட்டு உக்காந்திருப்பார். குடம், அண்டா, தவலை, குத்துவிளக்கு, தூக்குப்போணி எல்லாத்துலயும் புள்ளி புள்ளியாத் தட்டிப் பேர் வெட்டிக் கொடுப்பார். இப்போ மிஷின் வந்துருச்சு. கல்யாண வீட்டுலயும் கோயில் பொங்கல்லயும் பாத்திரம் மாறிப்போகக் கூடாதுங்கிறதுக்காக வந்த பழக்கம் இது. ஆனா நிலம், வீடு, மாடு எல்லாம் ஆம்பளை பேர்ல இருந்த காலத்துல, ஒரு பொருள்ல பொம்பளை பேரை எழுதி இது அவளோடதுன்னு சொன்னது இங்க மட்டும்தான். பழைய இந்து சட்டத்துலயே பெண்ணுக்குச் சீரா வர்றது ஸ்ரீதனம், அது அவளுக்குச் சொந்தம்னு இருந்துச்சு. நம்ம வீடுகள்ல அந்தச் சட்டம் இருந்த இடம் குடத்துக் கழுத்து.

சொந்தம்னா எப்படிப்பட்ட சொந்தம்னும் சொல்லணும். மழை பொய்ச்ச வருசம் முதல்ல வீட்டை விட்டுப் போறதும் அவ பாத்திரம்தான். அண்டா அடகுக்குப் போகும், அடுத்தது தவலை, கடைசியாக் குடம். எங்க அம்மா சொல்லும்: "உங்க அப்பத்தா குடம் வீட்டுல இருந்த நாளைவிட அடகுக் கடையில இருந்த நாள்தான் சாஸ்தி." அப்படிப் போனதுல பாதி திரும்பி வரவே இல்ல.

மீதியை எவர்சில்வர் கொண்டுபோச்சு. பித்தளைன்னா புளி போட்டு விளக்கணும். சமைக்கிற பாத்திரத்துக்கு ஈயம் பூசலைன்னா களிம்பு ஏறும். ஈயம் பூசுறவர் தெருமுனையில குழி தோண்டி, துருத்தி வச்சு, நவச்சாரத்தைப் போட்டதும் எந்திரிக்கிற வெள்ளைப் புகையை வேடிக்கை பாக்கவே நாங்க ஓடுவோம். அவ்வளவு வேலை யாருக்கு முடியும்? பளபளன்னு எவர்சில்வர் வந்ததும் பழைய பித்தளையை எடைக்குப் போட்டு எங்க அம்மாவே சந்தோசமாத்தான் மாத்துச்சு. அதைத் தப்புன்னு நான் சொல்லமாட்டேன், விளக்கினது அவங்க கைதானே! ஆனா அந்த எடையோட சேந்து எத்தனை பாட்டிமார் பேரு உருக்குக்குப் போயிருக்குமோ.

எங்க வீட்டுல ஒரு குடம் மட்டும் தப்பிச்சது. அது என்கிட்ட வந்த கதைக்கு 1996-க்குப் போகணும்.

அந்த வருசம் அப்பா இறந்து, ஒண்ணேகால் ஏக்கர் புஞ்சையையும் வீட்டையும் பிரிக்கிற பேச்சு வந்துச்சு. பூர்வீகச் சொத்து. அண்ணன் ஒருத்தர், அக்கா, நான். பத்திரம் எழுதுறவர் எடுத்த எடுப்புல கேட்டது, "உங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம் எந்த வருசம்?" அக்காவுக்கு 1987 ஆவணி. எனக்கு 1990 தை. அவர் சிரிச்சுக்கிட்டே, "தங்கச்சிக்குப் பங்கு இருக்கு, அக்காவுக்கு அந்த மாதிரி இல்ல"ன்னார். எங்களுக்கு ஒண்ணும் புரியல. ஒரே வயித்துல பிறந்தவங்க, ஒரே கிணத்துல தண்ணி இறைச்சவங்க.

பின்னால மகளிர் பயிற்சியில உக்காந்து கேட்டப்புறம்தான் விவரம் தெரிஞ்சது. 1956-ல வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம் அப்பா தானா சம்பாதிச்ச சொத்துல மகளுக்கும் பங்கு கொடுத்துச்சு. ஆனா பூர்வீகக் கூட்டுச் சொத்துல பிறக்கும்போதே பங்கு மகனுக்கு மட்டும்தான். அப்பா காலமானா அவர் பங்கா வர்றதுல மட்டும் மகளுக்கு ஒரு துண்டு. பெண்களுக்கும் சமமாச் சொத்துரிமை வேணும்னு 1929-லயே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுல தீர்மானம் போட்டிருக்காங்க. அது தமிழ்நாட்டுல சட்டமா வர 60 வருசம் ஆச்சு. 1989 மார்ச் 25 முதல் அமலுக்கு வந்த திருத்தத்துல, மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பால பங்கு உண்டுன்னு ஆச்சு. ஆனா அந்தத் தேதிக்கு முன்னாலயே கல்யாணம் ஆன மகளுக்கு அது கிடையாது. எங்க அக்கா மாட்டினது அங்கதான். அந்த வேத்துமையை எடுத்துட்டு நாடு முழுக்க ஒரே மாதிரி மாத்தினது 2005 செப்டம்பர் 9-ல வந்த மத்திய அரசுத் திருத்தம். அப்பா அந்தத் தேதியில உயிரோட இருந்திருக்கணுமான்னு அதுக்கப்புறமும் வழக்கு நடந்து, அது அவசியம் இல்லைன்னு உச்ச நீதிமன்றம் 2020-ல தீர்ப்புச் சொல்லுச்சு. நான் சொன்னது இந்துக் குடும்பங்களுக்கு உள்ள சட்டம். நம்ம முஸ்லிம், கிறிஸ்தவ உறுப்பினர்களுக்குச் சட்டம் வேற, அதை அவங்கதான் எழுதணும்.

சரி, எங்க கதைக்கு வர்றேன். சட்டம் எனக்குப் பங்கு கொடுத்துச்சு. நான் வாங்கினேனா? இல்ல. நானும் அக்காவும் சார்பதிவாளர் ஆபீசுக்குப் போய் விடுதலைப் பத்திரத்துல ஒப்புதல் கொடுத்துட்டு வந்தோம். நான் கையெழுத்து, அக்கா கைநாட்டு. ஆளுக்கொரு பட்டுச்சேலை. யாரும் எங்களை மிரட்டல. பங்கு கேட்டா தாய்வீட்டு வாசல் அடைச்சுரும், பிள்ளைக்கு முடியெடுத்துக் காதுகுத்த மாமன் மடி இல்லாமப் போயிரும்னு பயம். அண்ணன் நல்லவர்தான், கேட்டிருந்தா கொடுத்தாலும் கொடுத்திருப்பார். நாங்க கேக்கவே இல்ல. அதை இன்னைக்கு நினைச்சாலும் எனக்குச் சங்கடம் அண்ணன் மேல இல்ல, என் மேலதான். 2004 டிசம்பர் 20-க்கு முன்னால பதிவான பாகப்பிரிவினையைப் புதுச் சட்டமும் தொடாது, அதனால அது முடிஞ்ச கதை.

பஸ் ஏறப் போறப்போ மதினி பரண்ல இருந்து ஒரு பித்தளைக் குடத்தை எடுத்து, "இது சும்மா கிடக்கு, நீ எடுத்துட்டுப் போ"ன்னு கொடுத்துச்சு. அடியில ஒட்டுப் போட்டது. கழுத்துல புள்ளி புள்ளியா ரெண்டு எழுத்து: சி. வெ.

இருபது வருசத்துக்கு மேல அதுல பருப்புக் கொட்டி வச்சிருந்தேன். அந்த எழுத்தை யாருன்னு நான் கேட்டதே இல்ல. இந்த மலருக்காகத் தாள்ல வெறும் கோட்டைப் பாத்த அன்னைக்கு ராத்திரிதான் எந்திரிச்சுப் போய்க் குடத்தைத் துடைச்சுப் பாத்தேன்.

நம்ம குழு சங்கதியையும் இங்கயே சொல்லிடணும், ரெண்டும் ஒட்டிக்கிட்டு வர்றது. எங்க ரெண்டு பேரையும் பிரிச்ச அதே 1989-லதான், தருமபுரி மாவட்டத்துல மகளிர் மேம்பாட்டு நிறுவனம் ஐ.நா.வோட ஐஃபாட் நிதி உதவியில முதல் குழுக்களை ஆரம்பிச்சது. 1992-93-ல மதுரை, ராமநாதபுரத்துக்கு வந்துச்சு. 1997-ல மகளிர் திட்டமா எல்லாப் பக்கமும் பரவிச்சு. நம்ம பாட்டிமார் அரிசிப் பானையில ஒளிச்சு வச்ச சிறுவாட்டுக்கு நோட்டு, ரசீது, பேங்கு கணக்கு எல்லாம் வந்தது அதனாலதான். சேமிப்பு புதுசு இல்ல. ஒவ்வொருத்தி பேரையும் சத்தமாப் படிச்சு வருகை எடுத்ததுதான் புதுசு. முதல் கூட்டத்துல ஊக்குநர் பேரைக் கேட்டப்போ ஒரு அம்மா, "எம் பேரா?"ன்னு முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டது நம்மள்ல பலருக்கு ஞாபகம் இருக்கும். மதுரை அழகர்கோயில் பக்கத்துல கூலி வேலை பாத்துக் குழு நடத்தின சின்னப்பிள்ளை அம்மா 2001-ல ஸ்திரீ சக்தி விருது வாங்கினப்போ, பிரதமர் வாஜ்பாய் குனிஞ்சு காலைத் தொட்டதை டிவியில பாத்தோம். அதுக்கு அடுத்த வாரக் கூட்டத்துல நோட்டைப் படிச்சப்போ எல்லாரும் "இருக்கேன்"னு கொஞ்சம் சத்தமாவே சொன்னாங்க.

எங்க அக்காவும் அவ ஊர்க் குழுவுலதான் கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டா. இப்போ கைநாட்டு வைக்கச் சொன்னா கோவிச்சுக்குவா.

போன மாசம் குடத்தைப் பையில போட்டுக்கிட்டு நானும் அவளும் அப்பத்தா பிறந்த ஊருக்குப் போனோம். வீடு இடிஞ்சு கருவேலம் முளைச்சிருக்கு. பங்காளி வீட்டுல ஒரு தாத்தா, தொண்ணூறை நெருங்குற வயசு, திண்ணையில இருந்தார். எழுத்தைத் தடவிப் பாத்தார். "சி" எங்க அப்பத்தாவைப் பெத்தவர் பேரோட முதல் எழுத்துன்னு உடனே சொல்லிட்டார். பேரு, பட்டம், எத்தனை குறுக்கம் நிலம், யார்கூட வழக்கு, எல்லாம் தண்ணி பட்ட பாடு. "வெ"ன்னதும் யோசிச்சார். வெள்ளையம்மாவா, வெள்ளச்சியா, வெங்கம்மாவான்னு ஒவ்வொண்ணாச் சொல்லிப் பாத்தார். "எனக்கு அது அக்கா முறை. அக்கான்னுதான் கூப்பிட்டிருக்கேன் தாயி, பேரு எதுக்கு?"ன்னார். கிளம்பும்போது, "சுமந்து தண்ணி எடுக்க அதுமாதிரி ஆளு கிடையாது. இடுப்புல ஒண்ணு, தலையில ஒண்ணு. இந்தக் குடம்தான்"னு சொல்லிட்டுக் குடத்தை மடியிலேயே கொஞ்ச நேரம் வச்சிருந்தார்.

வர்ற வழியில மேலூர் பஸ் ஸ்டாண்டுல இருந்த பாத்திரக் கடைக்காரர் குடத்தைப் பாத்துட்டு, நல்ல கனம், எடைக்குப் போட்டுட்டுப் புதுசு எடுத்துக்கங்கன்னார். வேணாம்னுட்டோம். பஸ்ல அக்கா குடத்தை என்கிட்ட இருந்து வாங்கித் தன் மடியில வச்சுக்கிட்டா. "ஏன்டி, இதுக்கு மட்டும் எந்தத் தேதிச் சட்டம்? இதுல எனக்கும் பாதி உண்டு"ன்னா.

ஆறு மாசம் அவ வீட்டுல, ஆறு மாசம் என் வீட்டுலன்னு பேசி வச்சிருக்கோம். இப்போ அவகிட்ட இருக்கு. என் தாள்ல அப்பத்தா பேருக்கு நேரா "வெ"ன்னு எழுதி, பக்கத்துல இடம் விட்டிருக்கேன்.