குணமும் கேடும்: புற்றுநோய்ச் சிகிச்சையில் நோயாளியின் கணக்கு, முத்துலட்சுமி ரெட்டி முதல் இன்றுவரை

புதுக்கோட்டையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றிக் கேட்டால், தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர், சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் நுழைந்த முதல் பெண் என்பார்கள். கிராமத்துப் பெண்கள் அவர் பெயரை மகப்பேறு உதவித் திட்டத்தின் வழியாக அறிவார்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியவர் என்பது பெரும்பாலும் ஒரு வரியோடு முடிந்துவிடும். அந்த ஒரு வரிக்குள் தமிழக மருத்துவ வரலாற்றின் கடினமான கேள்வி ஒன்று இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஓர் உயிரைக் காக்க மருத்துவர் எவ்வளவு கேட்டை விளைவிக்கலாம்? அதை முடிவு செய்பவர் யார்? வேறு பல நோய்களில் இக்கேள்வியை ஒதுக்கிவிட்டு மருந்து எழுத முடியும். புற்றுநோயில் முடியாது. அறுவை, கதிர்வீச்சு, கீமோ மூன்றும் உடம்பைக் காயப்படுத்தித்தான் குணம் தருகின்றன.

1886ஆம் ஆண்டு ஜூலை 30 அன்று, புதுக்கோட்டை தனி சமஸ்தானமாக இருந்தபோது பிறந்தவர் முத்துலட்சுமி. மகாராஜா கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதற்கு எழுந்த எதிர்ப்பை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானின் ஆதரவு தள்ளிவைத்தது. 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார். 1923இல் அவருடைய தங்கை மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். தொடக்கத்தில் அது சீதபேதி என்று கருதப்பட்டு அதற்கான மருந்தே கொடுக்கப்பட்டிருந்தது. வீட்டிலேயே ஒரு மருத்துவர் இருந்தும் நோய் தப்பிவிட்டது. இந்தச் சாவைக் குடும்பத் துயரமாக மட்டும் பார்ப்பது போதாது என்று நினைக்கிறேன். மருத்துவத்தின் கேடுகளைப் பட்டியலிடும்போது மருந்தின் பக்கவிளைவைச் சொல்கிறோம். தவறான நோயறிதலால் கழிந்துபோன மாதங்களைச் சொல்வதில்லை. முத்துலட்சுமியின் முயற்சி அந்த மாதங்களிலிருந்துதான் தொடங்குகிறது.

1925இல் மேற்படிப்புக்காக அவர் இங்கிலாந்து சென்றார். 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்று கேட்டார். அப்போது சென்னையில் கதிரியக்கத்துக்கென பர்னார்டு நிலையம் தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. புற்றுநோய் வந்தவர் எப்படியும் சாகத்தான் போகிறார், அவருக்கு எதற்குத் தனி மருத்துவமனை என்று அதிகாரத்தில் இருந்தவர்கள் கேட்டதை டாக்டர் வி. சாந்தா பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். சிகிச்சையால் நன்மையே இல்லை என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்டால் கணக்குப் போடவே அவசியமில்லை. இருந்தும் 1952 அக்டோபர் 10 அன்று மருத்துவமனைக்கு நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று 12 படுக்கைகளுடன் மருத்துவமனை திறந்தது. முத்துலட்சுமியின் மகன் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் அவருடன் சேர்ந்த சாந்தாவும் அடுத்த அரை நூற்றாண்டுக்கு அதை நடத்தினார்கள்.

அவர்களிடம் வந்த நோயாளிகளில் வாய்ப்புற்று உள்ளவர்கள் ஏராளம். வெற்றிலையோடு புகையிலை சேர்த்துக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வது ஆண் பெண் இருபாலருக்கும் பழக்கம். கன்னத்தைத் துளைத்துக்கொண்டு புண் வெளியே வந்த பிறகுதான் பலர் வந்தார்கள். அறுத்தெடுத்தால் முகம் போகும். பெரும்பாலானவர்களுக்கு அறுக்கும் கட்டமும் கடந்திருக்கும். மிச்சமிருந்தது கதிர்வீச்சு. நோயாளிகள் இன்றும் அதைக் ‘கரண்ட் வைக்கிறது’ என்றே சொல்கிறார்கள். 1950களின் பிற்பாதியில் கனடாவிலிருந்து கோபால்ட்-60 கருவி அடையாற்றுக்கு வந்தது. ஆசியாவிலேயே இது முதற்கருவி என்று அந்நிறுவனம் பதிவு செய்திருக்கிறது.

அந்தக் கருவிக்கு ஓர் இயல்பு உண்டு. கோபால்ட்-60இன் அரை ஆயுள் சுமார் 5.27 ஆண்டு. ஆண்டுக்கு ஏறத்தாழ 12 சதவீதம் அதன் வலு குறைகிறது. அதே அளவு கதிரைக் கொடுக்க ஒவ்வோர் ஆண்டும் நோயாளியைக் கூடுதல் நேரம் அசையாமல் படுக்கவைக்க வேண்டும். ஐந்தாண்டு தாண்டினால் நேரம் இரட்டிப்பாகும். மூலத்தை மாற்றப் பணம் வேண்டும். சிகிச்சையின் தரம் மருத்துவரின் திறமையோடு நின்றுவிடுவதில்லை, இந்தக் கணக்குப் புத்தகத்தையும் சார்ந்திருக்கிறது.

கரண்ட் வைக்கத் தொடங்கிய இரண்டு மூன்று வாரத்தில் வாய் முழுக்கப் புண்ணாகிவிடும். புளிக்குழம்பும் மிளகாயும் தீயாக எரியும். மோர்ச்சாதமும் கஞ்சியும்தான் இறங்கும். உமிழ்நீர்ச் சுரப்பி கெட்டுப்போனால் வாய் நிரந்தரமாக வறண்டுபோகும். தாடையெலும்புக்கு இரத்த ஓட்டம் குறைந்துவிடுவதால், பிற்பாடு பல் பிடுங்கினால் அந்தக் குழி ஆறாமல் எலும்பே அழுகலாம். அதனால்தான் கெட்ட பற்களைக் கதிர்வீச்சுக்கு முன்பே எடுத்துவிடுகிறார்கள். நோயாளிக்கு இது விளங்காத புதிர். வாயில் புண் என்று வந்தவருக்கு வலிக்காத பல்லை ஏன் பிடுங்குகிறார்கள்? காரணத்தைச் சொல்லாமல் பிடுங்கப்பட்டவர்கள் பாதியில் ஊருக்குத் திரும்பிவிடுவதில் வியப்பில்லை.

கதிர்வீச்சு மட்டும் போதவில்லை என்பதைக் கண்ட கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் அதோடு மருந்தைச் சேர்த்துப் பார்த்தார்கள். 1970களில் அவர்கள் பிளியோமைசினைத் தேர்ந்தெடுத்தது கூர்மையான முடிவு. ஜப்பானில் உமெசாவா கண்டெடுத்த அம்மருந்து எலும்பு மஜ்ஜையை அதிகம் தாக்காது. இளைத்துப்போய் வரும் ஏழை நோயாளிக்கு அது பெரிய ஆதாயம். ஆனால் அது நுரையீரலைத் தாக்கும். மொத்த அளவு 400 யூனிட்டைத் தாண்டினால் நுரையீரல் தழும்பேறும் ஆபத்து வேகமாக ஏறும். நோயாளிகளை இரு குழுவாகப் பிரித்து ஒப்பிட்டபோது, மருந்தும் கதிரும் சேர்ந்த குழுவில் கட்டி கரைந்தவர்கள் அதிகம். இந்த முடிவுகள் வெளிநாட்டுக் கதிரியக்க இதழ்களில் அச்சாகின.

பல நாடுகளின் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த பெருந்தொகுப்பு 2009இல் வந்தது. அதில் 17,000க்கும் மேற்பட்ட தலை-கழுத்துப் புற்று நோயாளிகளின் விவரம் இருந்தது. கதிர்வீச்சோடு ஒரே சமயத்தில் கீமோவும் கொடுத்தால் ஐந்தாண்டு முடிவில் நூற்றுக்கு ஆறு அல்லது ஏழு பேர் கூடுதலாக உயிரோடிருப்பார்கள் என்று அது காட்டியது. வயது ஏற ஏற இந்த ஆதாயம் தேய்ந்து, எழுபதுக்கு மேல் காணாமற்போனது. பிளியோமைசினின் இடத்தைப் பிடித்த சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கக்கூடியது. சாந்தாவும் கிருஷ்ணமூர்த்தியும் தொடங்கிய திசை சரியாகவே இருந்தது. ஆனால் 45 வயது விவசாயிக்கும் 74 வயது பாட்டிக்கும் ஒரே சீட்டை எழுதக்கூடாது என்பதையும் அதே எண்கள் சொல்கின்றன. நூற்றுக்கு ஆறு பேர் என்பது சிறிய எண்ணா, பெரிய எண்ணா? இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்துக்கொண்டிருக்கும் அம்மா ஒரு விடை சொல்வார். பேரப்பிள்ளைகளோடு சாப்பாட்டை ருசித்து மிச்ச நாளைக் கழிக்க விரும்பும் பெரியவர் வேறு விடை சொல்வார். இரண்டும் சரி. அந்த விடையை மருத்துவர் தாமே ஊகித்துக்கொள்வதுதான் தவறு.

குழந்தைகளின் இரத்தப் புற்றில் இக்கேள்வி இன்னும் கடுமையாக எழுந்தது. 1984இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் இயன் மக்ராத்தோடு சேர்ந்து எம்.சி.பி. 841 என்னும் சிகிச்சைமுறை இந்தியாவுக்கென வகுக்கப்பட்டது. பம்பாயின் டாடா நினைவு மருத்துவமனை, டெல்லியின் எய்ம்ஸ், அடையாறு மூன்றும் அதைக் கையாண்டன. அதற்கு முன் 20 சதவீதத்துக்கும் குறைவாக இருந்த நோயற்ற உயிர்வாழ்வு, நான்காண்டு முடிவில் 45 முதல் 60 சதவீதம்வரை உயர்ந்தது. அதே காலத்தில் மேலைநாடுகளில் எண்கள் இதைவிட உயர்ந்திருந்தன. அங்கு கொடுத்த அளவை அப்படியே இங்கே கொடுத்திருந்தால் என்ன? நோயோடு சேர்த்துக் குழந்தையையும் மருந்தே கொன்றிருக்கும் என்ற அச்சம் நியாயமானது. மருந்து வெள்ளையணுக்களை அழித்துவிட்ட நாட்களில் சாதாரணக் கிருமியும் உயிரை வாங்கும். தட்டணு ஏற்றும் வசதி, காய்ச்சல் கண்ட உடனே ஊசி, சத்தான சாப்பாடு மூன்றும் இருந்தால் ஒரு குழந்தை தாங்கும் அளவை, இவை இல்லாத குழந்தை தாங்காது. மூன்று மருத்துவமனைகளும் ஒரே முறையைக் கையாண்டும் ஒரே முடிவைப் பெறவில்லை. இந்த வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். பக்கவிளைவு குப்பியில் அடைபட்டிருக்கும் ஒரு குணமல்ல. அது வார்டையும் வீட்டையும் பொறுத்து மாறுகிறது. தாங்கவைக்கும் ஏற்பாடுகள் வளர வளர, மருந்தை வலுவாகக் கொடுக்கும் துணிவும் வளர்ந்தது.

மார்பகப் புற்றில் வரலாறு எதிர்த்திசையில் நடந்தது. 1880களில் ஹால்ஸ்டெட் தொடங்கிய பெரிய அறுவை மார்பையும் அடியிலுள்ள தசையையும் சேர்த்து எடுத்துவிடும். கூடுதலாக வெட்டினால் கூடுதல் பாதுகாப்பு என்ற நம்பிக்கை ஏறத்தாழ நூறாண்டு நீடித்தது. இத்தாலியில் வெரோனேசியும் அமெரிக்காவில் பெர்னார்டு ஃபிஷரும் நடத்திய சோதனைகள் 1980களில் அதைக் கலைத்தன; தொடக்க நிலையில் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சுக் கொடுத்தாலும் உயிர்வாழ்வு குறையவில்லை. முற்றிய நிலையில் வரும் பெண்களே அதிகமாயிருந்த அடையாற்றில், அறுவைக்கு முன்பே கீமோவும் கதிரும் கொடுத்துக் கட்டியைச் சுருக்கும் முறை வளர்ந்தது.

நோயாளியே அல்லாதவரிடம் இக்கணக்கு எப்படி மாறும் என்பதற்குத் திண்டுக்கல் மாவட்டம் சான்று. 2000 முதல் அங்குள்ள கிராமங்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குக் கருப்பைவாய்ப் பரிசோதனை நடந்தது. செவிலியர் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று வெறுங்கண்ணால் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் குளிர்ச்சியால் அந்தத் திசுவை அழிப்பார்கள். 2007இல் லான்செட் இதழில் முடிவு வந்தது: நோய் 25 சதவீதமும் சாவு 35 சதவீதமும் குறைந்தன. வெள்ளைத் திட்டு தெரிந்த எல்லோருக்கும் நோய் இருக்கவில்லை. வீண் அச்சமும் வீண் சிகிச்சையும் சிலருக்கு நேரத்தான் செய்யும். ஒப்பீட்டுக்காகப் பரிசோதனை செய்யாமல் விடப்பட்ட கிராமங்களின் பெண்களைப் பற்றியும், இந்தியாவில் நடந்த இவ்வகை ஆய்வுகள் அனைத்தையும் பற்றியும், பின்னாளில் கடுமையான அறவிவாதம் எழுந்தது. அந்த விவாதம் நியாயமானது. ஊருக்குக் கிடைத்த நன்மை பெரிது என்பதால் விடுபட்ட பெண்ணின் இழப்பு சிறிதாகிவிடாது.

முடிவு யாருடையது என்பதைச் சட்டம் தாமதமாகவே சொன்னது. 2008 ஜனவரி 16 அன்று உச்ச நீதிமன்றம், சிகிச்சையின் நோக்கம், நன்மை, முக்கியமான ஆபத்துகள், மாற்று வழிகள், மறுத்தால் என்ன ஆகும் ஆகியவற்றைச் சொல்லிய பிறகே சம்மதம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. நம் வார்டுகளில் நடப்பது வேறு. ‘அவருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர், மனசு உடைஞ்சிருவார்’ என்று மகன் கேட்டுக்கொள்வார். அச்சிட்ட படிவத்தில் மகனே கையெழுத்துப் போடுவார். கரண்டும் கீமோவும் எதற்கென்று தெரியாமலே அப்பா அவற்றைத் தாங்கிக்கொண்டிருப்பார். அன்பினால்தான் மறைக்கிறார்கள். ஆனால் வலியை அனுபவிப்பவரை முடிவிலிருந்து விலக்கி வைக்கும் அன்பை மருத்துவமனை ஏற்றுக்கொள்ளக்கூடாது.

முத்துலட்சுமி பிறந்த ஊர் 1948 மார்ச்சில் இந்தியாவோடு இணைந்து, 1974 ஜனவரி 14 அன்று தனி மாவட்டமானது. 2017இல் முள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அரசின் காப்பீட்டுத் திட்டத்தால் மருந்துச் செலவு பெரிதும் குறைந்திருக்கிறது. இருந்தும் அடையாறு ஏறத்தாழ 400 கிலோமீட்டர். தினமும் கரண்ட் வைக்க ஆறேழு வாரம் அங்கே தங்க வேண்டும். துணைக்கு வருபவரின் கூலி, ஊரில் விட்டுவந்த மாடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஆகியவை எந்த ஆய்வுக் கட்டுரையின் பக்கவிளைவுப் பட்டியலிலும் இல்லை. பாதியில் நின்றுபோகும் சிகிச்சை கேட்டை முழுதாகக் கொடுத்துவிட்டு நன்மையைக் கொடுக்காமல் போகும். ஆகையால் ‘முழுதாக வந்து முடிக்க முடியுமா?’ என்ற கேள்வி முதல் நாளே கேட்கப்பட வேண்டிய மருத்துவக் கேள்விதான்.

கீமோ முடிந்து ஊருக்குத் திரும்பியவருக்கு ஏழு முதல் பதினான்கு நாளுக்குள் வெள்ளையணு மிகவும் இறங்கியிருக்கும். அப்போது 101 டிகிரி காய்ச்சல் கண்டால் ஒரு மணி நேரத்துக்குள் நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போட்டாக வேண்டும். மணமேல்குடியிலோ கறம்பக்குடியிலோ நள்ளிரவில் அந்தக் காய்ச்சல் வந்தால், பக்கத்து அரசு மருத்துவமனையின் பணி மருத்துவர் அதை வழக்கமான காய்ச்சலாக எண்ணிப் பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிவிடக்கூடும். எந்த மருந்து, எந்தத் தேதியில் ஏறியது, காய்ச்சல் வந்தால் முதல் ஊசி எது, யாரை அழைப்பது என்று தமிழில் எழுதிய ஒரு சீட்டை நோயாளியின் கையில் கொடுத்தனுப்பவும், அந்த ஊசியை வட்ட மருத்துவமனைகள் அனைத்திலும் இருப்பில் வைக்கவும் புதிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. சென்னையில் எழுதப்படும் மருந்தின் அளவை எவ்வளவு உயர்த்தலாம் என்பது இன்று அறந்தாங்கியில் அந்த ஊசி இருக்கிறதா என்பதைப் பொறுத்திருக்கிறது.