நாயுண்ணி எங்கட செடியா?

நாயுண்ணியை எங்கட ஊர்ச் செடி என்றுதான் கனகாலம் நினைத்திருந்தோம். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வேலிக்கரையில் கறுத்த பழம் ஆய்ந்து தின்றிருக்கிறோம். (பச்சைக்காய் நஞ்சு என்று அப்ப ஆருக்குத் தெரியும்!) பெயரே எவ்வளவு ஊர்ப்பெயராக இருக்கிறது.

ஆனால் அதன் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகள். 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோக, அங்கே கண்ணாடி வீடுகளுக்குள் பூவின் நிறத்துக்காகவே புதுப்புது கலப்பினங்களை உருவாக்கினார்கள். பிறகு அழகுச் செடியாகக் குடியேற்ற நாடுகளுக்கு அனுப்பினார்கள். இலங்கைக்குள் அது நுழைந்தது பிரித்தானியர் காலத்தில், பேராதனைத் தாவரவியல் பூங்கா வழியாக. பழம் தின்ற குருவிகள் விதையை ஊரெல்லாம் போட்டன.

பூவை ரசித்தவர்களுக்கு மாடு மேய்க்கும் வேலை இல்லை. இலையில் இருக்கும் லன்டடீன் என்ற நஞ்சு மாட்டின் ஈரலைத் தாக்குகிறது. பித்தம் வெளியேறாமல் தேங்கும்; கண் மஞ்சளாகும்; இரைப்பை அசையாமல் நின்றுவிடும். அதனால் தின்ற இலை உள்ளேயே கிடந்து இன்னும் நஞ்சைக் கொடுத்துக்கொண்டிருக்கும். புல்லின் பச்சையம் செரித்து வரும் ஒரு பொருளையும் பழுதான ஈரலால் கழிக்க முடியாது. அது இரத்தத்தில் ஏற, வெயில் பட்ட இடமெல்லாம் தோல் வெந்து உரியும், வெள்ளைத் தோல் உள்ள இடத்தில் இன்னும் மோசம். மாடு நிழலைத் தேடி ஒதுங்கி நிற்கும். ஆட்டுக்கும் இதே கதிதான்.

சரி, மாடு ஏன் அதைத் தின்கிறது? புல் இருந்தால் பெரும்பாலும் தொடாது. இங்கேதான் வரலாறு குறுக்கே வருகிறது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காடுகளையும் தரிசுகளையும் முடிக்குரிய காணி என்றது. மலைநாட்டுக் கிராமங்கள் மாடு விட்ட நிலங்கள் பல கோப்பித் தோட்டங்களாகின. செடியைக் கொண்டுவந்ததும் மேய்ச்சல் நிலத்தை எடுத்ததும் ஒரே ஆட்சி. இரண்டையும் வேறு வேறு பாடமாகத்தான் நாங்கள் படித்தோம்.

மேய்ச்சல் தரைப் பிரச்சினை அந்த ஆட்சியோடு முடியவும் இல்லை. மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்களின் போராட்டம் 2023இல் எங்கள் கண்முன்னால் நடந்தது. வயல் விதைத்தால் மாடுகளை வேறெங்காவது கொண்டுபோயே ஆகவேண்டும்; தரை இல்லையென்றால் பற்றைக்கரைதான்.

எங்களில் ஒருவரின் அப்பப்பா பட்டி வைத்திருந்தவர். நாயுண்ணியைப் பற்றிக் கேட்டோம். "பழகின மாடு மோந்துபோட்டு விட்டிடும். புதுசா வாங்கி வந்ததைத்தான், அதுவும் பசியோட நிண்டா, பாத்துக்கொண்டு நிக்கவேணும்" என்றார்.