‘செம டார்க், கண்டிப்பா படி!’: இருண்ட புத்தகத்தை ஒருவருக்குப் பரிந்துரைக்கும் முன் என்ன சொல்ல வேண்டும்?

“வீக்எண்டுக்கு டார்க்கா ஒரு புக் சொல்லேன்” என்று ஆபீஸ் வாட்ஸ்ஆப் குரூப்பில் யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்? பெரும்பாலும் ஒரு பெயர், கூடவே “மைண்ட் பிளாங்க் ஆயிடும்” என்று ஒரு வரி. அது எந்த வகையில் இருண்டது என்பதை மட்டும் விட்டுவிடுவோம். படிக்கப் போகிறவருக்குத் தெரிய வேண்டியதே அதுதான்.

பெங்களூருவிலிருந்தே ஆரம்பிக்கலாம். விவேக் ஷான்பாக் 2013-ல் கன்னடத்தில் எழுதிய ‘காச்சர் கோச்சர்’ இந்த ஊரின் கதை, கே. நல்லதம்பி மொழிபெயர்ப்பில் தமிழிலும் கிடைக்கிறது. எறும்பு மொய்க்கும் சின்ன வீட்டில் கணக்குப் பார்த்து வாழ்ந்த குடும்பத்துக்கு, சித்தப்பாவின் மசாலா வியாபாரத்தால் திடீரென்று பணம் வருகிறது. யார் அந்தப் பணத்தைக் காக்கிறார், அதற்காக எதுவரை போவார் என்பதுதான் மீதி. கொலை எதுவும் கண்ணில் படாது. ஆனாலும் கடைசிப் பக்கத்தை மூடும்போது வயிற்றில் ஏதோ பிசையும்.

ஜெயமோகனின் ‘ஏழாம் உலகம்’ வேறு ரகம். உடல் ஊனமுற்றவர்களை வாங்கி, விற்று, பிச்சை எடுக்க வைக்கும் தொழில். அங்கே மனிதர்களுக்குப் பெயர் ‘உருப்படி’. பாலாவின் ‘நான் கடவுள்’ (2009) பார்த்துவிட்டோம், தெரியும் என்று நினைக்காதீர்கள். தொழிலை நடத்தும் பண்டாரம் வீட்டில் பாசமான அப்பா. நாவலின் உண்மையான இருட்டு அங்கேதான் இருக்கிறது. உடல் மீதான கொடுமைகளைப் படிக்க முடியாதவர்களுக்கு இதை நீட்டாதீர்கள்.

உண்மைக் கதைகளில் கேள்வி மாறுகிறது: சொல்வது யார்? கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார், குண்டூர் காவல் நிலையத்தில் தான் பட்ட சித்திரவதையை ‘லாக்கப்’ என்று எழுதினார்; வெற்றிமாறனின் ‘விசாரணை’ அதிலிருந்து வந்தது. அது அவருடைய வலி, சொல்ல முடிவெடுத்ததும் அவர்தான். பல ட்ரூ கிரைம் பாட்காஸ்ட்டுகளில் செத்தவரின் குடும்பத்தை யாரும் கேட்பதுகூட இல்லை. இரண்டையும் ஒரே லிஸ்ட்டில் போடுவது நியாயமில்லை என்பேன்.

சரி, ‘ட்ரிகர் வார்னிங்’ என்று ஒரு வார்த்தை போட்டால் போதாதா? போதாது. 2023-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு முந்தைய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. எச்சரிக்கை, படிக்கும் முன் பதற்றத்தைக் கூட்டியது. படித்த பிறகு வரும் பாதிப்பைக் குறைக்கவில்லை. பொத்தாம்பொதுவான எச்சரிக்கையைவிட, ஒரு நண்பர் ஆளைப் பார்த்துச் சொல்லும் இரண்டு வரி எவ்வளவோ மேல். “குடும்பக் கதைதான், ஆனா அம்மாவோட மனநோய் பத்தினது. உங்க வீட்டுல இப்போ இருக்கிற நிலைமைக்கு வேணுமான்னு யோசிச்சுக்கோங்க.” இவ்வளவு போதும். முடிவு தெரிந்துவிடும் என்ற கவலையும் வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்வது ஸ்பாய்லர் ஆகாது.

தற்கொலை வரும் புத்தகங்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். 1774-ல் கதே எழுதிய ‘வெர்தர்’ நாவலைப் படித்து இளைஞர்கள் அதன் நாயகனைப் பின்பற்றுகிறார்கள் என்ற அச்சத்தில் லைப்சிக் நகரம் அதைத் தடை செய்தது. செய்திகளைப் பார்த்துத் தற்கொலைகள் கூடுவதற்கு, 1974-ல் அமெரிக்க ஆய்வாளர் டேவிட் ஃபிலிப்ஸ் ‘வெர்தர் விளைவு’ என்று பெயர் வைத்தது அதனால்தான். 2010-ல் ஆஸ்திரியாவில் நடந்த ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது: நெருக்கடியைத் தாண்டி வந்தவர்களைப் பற்றிய செய்திகள் வந்தபோது தற்கொலைகள் குறைந்திருந்தன. ஆக, பேசுவதே ஆபத்து என்றில்லை. எப்படிப் பேசுகிறோம் என்பதில் இருக்கிறது. முறையை விவரிக்கக் கூடாது என்று இந்தியப் பத்திரிகை கவுன்சில் 2019-ல் ஊடகங்களுக்குச் சொன்னது. புத்தகம் பரிந்துரைக்கும்போது நீங்களும் அந்தக் காட்சியை ‘செம சீன்’ என்று வர்ணிக்காமல் இருக்கலாம்.

புத்தகத்தைக் கொடுத்துவிட்டு நாலு நாள் கழித்து “எப்படிப் போகுது?” என்று கேளுங்கள். “பாதியில வெச்சுட்டேன்” என்றால் விட்டுவிடுங்கள். தூக்கம் போய்விட்டது, அதே நினைப்பாக இருக்கிறது என்றால் பேச்சைப் புத்தகத்திலிருந்து அவர் பக்கம் திருப்புங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் இலவச உதவி எண் 14416. பெங்களூரு நிம்ஹான்ஸ் வழிகாட்டலில் இயங்கும் இந்தச் சேவையில் தமிழிலேயே பேசலாம்.