புதுச்சேரி சுற்றுலாக் கப்பல் பயணம்

புதுச்சேரி சுற்றுலாக் கப்பல் பயணம் என்பது சென்னைத் துறைமுகத்தில் இருந்து புறப்பட்டு, வங்காள விரிகுடாவில் சில நாட்கள் பயணித்து, புதுச்சேரி நகரையும் ஒரு நிறுத்தமாகக் கொண்டு அமைக்கப்பட்ட சொகுசுக் கப்பல் பயணத்தைக் குறிக்கும். இப்பயணத்திட்டத்தின்படி 2022 ஜூன் மாதம் புதுச்சேரிக் கடலுக்கு வந்த கப்பலுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. 2025 ஜூலை மாதத்தில் அனுமதி வழங்கப்பட்டு, பயணிகள் கரையிறங்கினர். இவ்வகைப் பயணத்தில் எந்தத் துறைமுகத்தையும் தொடாமல் முழுவதும் கடலிலேயே கழியும் நாள் "கடல் நாள்" எனப்படுகிறது.

கடல் நாள்

சுற்றுலாக் கப்பல்களின் பயண நாட்கள் இரு வகைப்படும். கப்பல் ஓர் ஊரின் துறைமுகத்தில் நின்று, பயணிகள் இறங்கி ஊரைச் சுற்றிப் பார்க்கும் நாள் துறைமுக நாள் ஆகும். இரண்டு துறைமுகங்களுக்கு இடையே கப்பல் ஓடிக்கொண்டே இருக்கும் நாள் கடல் நாள் ஆகும். சாதாரணப் போக்குவரத்துக் கப்பலில் கடல் நாள் என்பது ஊர் போய்ச் சேரும்வரை பொறுத்துக்கொள்ள வேண்டிய காலம். சுற்றுலாக் கப்பலில் அதுவே பயணத்தின் நோக்கங்களுள் ஒன்றாகிறது. சென்னையில் புறப்பட்டு எந்த ஊரையும் தொடாமல் சென்னைக்கே திரும்பும் இரண்டு இரவுப் பயணங்களும் நடத்தப்பட்டுள்ளன.

புதுச்சேரித் துறையின் பின்னணி

புதுச்சேரிக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. சோழமண்டலக் கரையின் பெரும்பகுதியைப் போலவே இங்கும் கடற்கரை நேர்கோடாகவும், கரையோரக் கடல் ஆழம் குறைந்ததாகவும் உள்ளது. எனவே பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கப்பல்கள் கரையில் இருந்து விலகித் திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்றன. ஆட்களும் சரக்கும் சலங்கு எனப்பட்ட படகுகளில் கரைக்குக் கொண்டுவரப்பட்டனர். இப்படகுகளின் பலகைகள் ஆணி அடிக்கப்படாமல் கயிற்றால் தைக்கப்பட்டவை. அலை மோதும்போது வளைந்து கொடுப்பதால் அவை உடையாமல் தப்பின. 18ஆம் நூற்றாண்டில் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பில் கப்பல்களின் வருகையும் புறப்பாடும் தொடர்ந்து பதிவு செய்யப்பட்டுள்ளன.

19ஆம் நூற்றாண்டில் கடலுக்குள் நீண்ட இரும்புப் பாலம் ஒன்று கட்டப்பட்டது. அது 1952ஆம் ஆண்டுப் புயலில் அழிந்தது. பின்னர் கட்டப்பட்ட கான்கிரீட் பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச் மாதம் கடல் சீற்றத்தில் இடிந்து விழுந்தது. மீன்பிடித் துறைமுகம் நகருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டித் தேங்காய்த்திட்டில் அமைந்துள்ளது.

இத்துறையில் இருந்து புறப்பட்டவர்கள் எல்லோருக்கும் கடல் நாட்கள் இன்பமாக அமையவில்லை. அடிமை முறை பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848இல் ஒழிக்கப்பட்ட பின்பு, கரும்புத் தோட்ட வேலைக்காகப் புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழர் பலர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டனர். ஒரேலி என்னும் பாய்மரக் கப்பல் இவ்வாறு ஏற்றிச் சென்றவர்களுடன் 1853 மே மாதத்தில் மர்தினிக்கையும், 1854 டிசம்பரில் குவாதலூப்பையும் அடைந்தது. அவர்களுக்குக் கடல் நாட்கள் மாதக் கணக்கில் நீண்டன. வங்காளத்தில் இருந்து வந்த அரவிந்தர், 1910 ஏப்ரல் 4 அன்று துய்ப்ளேக்சு என்னும் நீராவிக் கப்பலில் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார்.

கப்பல்

புதுச்சேரிக்கு வந்த கப்பலின் பெயர் எம்பிரஸ். கார்டெலியா குரூசஸ் என்னும் இந்திய நிறுவனம் இதனை 2021 செப்டம்பரில் மும்பையில் இருந்து இயக்கத் தொடங்கியது. இக்கப்பல் 1990ஆம் ஆண்டு பிரான்சின் சேன் நசேர் நகரில் உள்ள கப்பல் கட்டும் தளத்தில் கட்டப்பட்டு, நார்டிக் எம்பிரஸ் என்ற பெயரில் ராயல் கரீபியன் நிறுவனத்திற்காக ஓடியது. மூன்று, நான்கு நாள் கொண்ட குறும்பயணங்களை மனத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்ட கப்பல் இது என்பது குறிப்பிடத்தக்கது.

இதன் நீளம் சுமார் 211 மீட்டர். மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 48,500 டன். இங்கே டன் என்பது எடையைக் குறிப்பதில்லை. கப்பலின் உள்ளே அடைபட்ட இடத்தின் பரும அளவில் இருந்து கணக்கிடப்படும் எண் ஆகும். கப்பலின் அடிப்பகுதி நீருக்குள் சுமார் 7 மீட்டர் அமிழ்ந்திருக்கும். அடியில் பாதுகாப்பான இடைவெளியும் தேவைப்படுவதால், இதைவிடக் கூடுதலான ஆழம் உள்ள இடத்தில்தான் இக்கப்பல் நிற்க முடியும். புதுச்சேரியில் இது கரையை அணையாமல் கடலிலேயே நங்கூரமிடுவதற்கு இதுவே காரணம். சலங்குப் படகுகளின் காலத்து நிலைமை இவ்வகையில் இன்றும் மாறவில்லை.

பயண வழியும் தூரமும்

2022இல் அறிவிக்கப்பட்ட ஐந்து இரவுப் பயணம் சென்னை, விசாகப்பட்டினம், புதுச்சேரி, சென்னை என்ற வரிசையில் அமைந்தது. புதுச்சேரி சென்னைக்கு மிக அருகில் இருந்தும் கப்பல் முதலில் வடக்கே சென்று, பின்பு தெற்கே வந்து, மீண்டும் சென்னைக்குத் திரும்புகிறது. நேர்கோட்டில் அளந்தால் இடைப்பட்ட தூரங்கள் தோராயமாகப் பின்வருமாறு:

* சென்னை - விசாகப்பட்டினம்: 325 கடல் மைல் (சுமார் 600 கி.மீ.)
* விசாகப்பட்டினம் - புதுச்சேரி: 400 கடல் மைல் (சுமார் 740 கி.மீ.)
* புதுச்சேரி - சென்னை: 75 கடல் மைல் (சுமார் 140 கி.மீ.)

ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். மணிக்கு ஒரு கடல் மைல் வேகம் ஒரு நாட் எனப்படும். கப்பல் 15 நாட் வேகத்தில் ஓடினால் முதல் கட்டத்திற்கு ஏறத்தாழ 22 மணி நேரமும், இரண்டாம் கட்டத்திற்கு ஏறத்தாழ 27 மணி நேரமும் ஆகும். கடல் நாட்கள் உருவாவது இவ்வாறே. மூன்றாம் கட்டத்திற்கு ஐந்து மணி நேரமே போதும். இரவு முழுவதும் பயணிக்க வேண்டும் என்பதற்காக இத்தகைய குறுந்தூரங்களில் கப்பல்கள் வேகத்தைக் குறைத்தோ, கடலில் சுற்றியோ செல்வது வழக்கம்.

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அரபிக்கடல் கொந்தளிப்பாக இருக்கும். அந்த மாதங்களில் மும்பையை விடச் சென்னை ஏற்ற புறப்பாட்டு இடமாகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்காள விரிகுடாவில் புயல்கள் உருவாவதால் நிலைமை தலைகீழாகிறது.

கடல் நாளின் நடைமுறை

கப்பல் புறப்படும் முன்பாகவோ, புறப்பட்ட உடனேயோ அனைத்துப் பயணிகளுக்கும் பாதுகாப்பு ஒத்திகை நடத்தப்பட வேண்டும். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையில் கோஸ்தா கொன்கோர்டியா கப்பல் பாறையில் மோதிக் கவிழ்ந்து 32 பேர் இறந்த பின்னர், இவ்விதி பன்னாட்டளவில் கடுமையாக்கப்பட்டது. தமது உயிர்காப்புப் படகு எது, எந்தத் தளத்தில் கூட வேண்டும், மிதவை உடையை எப்படி அணிவது ஆகியவற்றைப் பயணிகள் இதில் அறிந்து கொள்கின்றனர்.

அன்றைய நிகழ்ச்சிகளின் பட்டியல் பயணிகளுக்கு முன்கூட்டியே தரப்படும். கிழக்குக் கரையோரக் கடலில் சூரியன் நீரில் இருந்து எழுவதைக் காண மேல்தளத்தில் அதிகாலையிலேயே கூட்டம் கூடுவதுண்டு. பகலில் நீச்சல் குளம், திரையரங்கம், உடற்பயிற்சிக் கூடம், சிறுவர் விளையாட்டிடம் ஆகியனவும், மாலையில் இசை, நடன நிகழ்ச்சிகளும் இயங்கும். நேரத்தை எப்படிச் செலவிடுவது என்பது பயணியின் விருப்பம். சிலர் நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருப்பதும் உண்டு. கரையில் இருந்து சற்று விலகியதுமே கைப்பேசி அலைவரிசை கிடைக்காது. செயற்கைக்கோள் வழி இணையத்திற்குத் தனிக் கட்டணம் வசூலிக்கப்படுவதே பெரும்பாலான கப்பல்களின் வழக்கம்.

பயணிகளின் பார்வைக்கு வராத வேலைகளும் பல. கடல் நீர் கப்பலிலேயே நன்னீராக்கப்படுகிறது. கப்பல் பக்கவாட்டில் ஆடுவதைக் குறைக்க, நீருக்கடியில் மீனின் துடுப்புப் போன்ற தகடுகள் நீட்டப்படுகின்றன. ஆயினும் அசைவு முற்றிலும் நிற்பதில்லை. கடல் ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் உள்ள அறைகள் ஏற்றவை. அங்கே அசைவு குறைவு. மேல்தளத்திற்கு வந்து தொடுவானத்தைப் பார்ப்பதும் பயன் தரும். உள்காது உணரும் அசைவுக்கும், கண் காணும் அசையாத அறைக்கும் இடையிலான முரண்பாடே குமட்டலுக்குக் காரணம். தொடுவானத்தைக் காணும்போது இம்முரண்பாடு நீங்குகிறது.

2022ஆம் ஆண்டு நிகழ்வு

தமிழ்நாடு முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் 2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்தில் இப்பயணத்தைக் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். கப்பல் விசாகப்பட்டினம் சென்றுவிட்டு, ஜூன் 10 அன்று புதுச்சேரிக் கடலுக்கு வந்தது. கப்பலில் சூதாட்டக் கூடம் இருப்பதைச் சுட்டிக்காட்டி அ.தி.மு.க. உள்ளிட்ட கட்சிகள் எதிர்ப்புத் தெரிவித்திருந்தன. பண்பாட்டைப் பாதிக்கும் சூதாட்டம் போன்றவற்றுக்கு இடமளிக்க இயலாது என்பது அப்போதைய துணைநிலை ஆளுநர் தமிழிசை சௌந்தரராஜனின் நிலைப்பாடாக இருந்தது. புதுச்சேரி அரசு அனுமதி வழங்கவில்லை.

இதனால் பயணிகள் கரையிறங்க இயலவில்லை. பயணத்திட்டத்தில் துறைமுக நாளாகக் குறிக்கப்பட்டிருந்த அந்நாள், நடைமுறையில் மற்றொரு கடல் நாளாக மாறியது. கப்பல் சென்னைக்குத் திரும்பியது.

2025ஆம் ஆண்டு வருகை

மூன்று ஆண்டுகளுக்குப் பின், 2025 ஜூலை 4 அன்று அதே கப்பல் புதுச்சேரிக்கு வந்தது. இம்முறை அனுமதி வழங்கப்பட்டிருந்தது. கப்பல் கடலில் நங்கூரமிட்டு நிற்க, பயணிகள் சிறு படகுகளில் துறைமுகத்திற்கு அழைத்து வரப்பட்டு, நகரைச் சுற்றிப் பார்த்தபின் கப்பலுக்குத் திரும்பினர். இவ்வருகைக்கும் எதிர்க்கட்சிகள் கண்டனம் தெரிவித்தன.

சட்ட நிலை

பந்தயமும் சூதாட்டமும் இந்திய அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. கோவா போன்ற சில பகுதிகளில் உரிமம் பெற்ற சூதாட்டக் கூடங்கள் அனுமதிக்கப்படுகின்றன. மறுபுறம், 1976ஆம் ஆண்டின் கடல் எல்லைச் சட்டப்படி இந்தியாவின் ஆட்சி எல்லைக் கடல் கரையோர அடிக்கோட்டில் இருந்து 12 கடல் மைல் (சுமார் 22 கி.மீ.) வரை நீள்கிறது. கப்பல்களில் சூதாட்டக் கூடங்களை இவ்வெல்லையைக் கடந்த பின்னரே திறப்பது பொதுவான வழக்கம்.

இதனால் கேள்வி சிக்கலாகிறது. நகருக்கு எதிரே நங்கூரமிட்டு நிற்கும் நேரத்தில் கூடம் மூடப்பட்டிருந்தால் உள்ளூர்ச் சட்டம் மீறப்படவில்லை என்பது ஒரு வாதம். வேறிடத்தில் சூதாட்டம் நடத்தும் கப்பலுக்குத் தன் கரையைத் திறந்துவிடலாமா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவ்வூர் அரசுக்கு உண்டு என்பது மறுவாதம்.

ஆதரவும் எதிர்ப்பும்

சுற்றுலா, புதுச்சேரியின் முக்கிய வருவாய்களுள் ஒன்று. வார இறுதிகளில் சாலை வழியே வருவோரால் நகரம் நிரம்பி வழிகிறது. கடல்வழி வருவோர் சாலைகளிலும் விடுதிகளிலும் நெரிசலைக் கூட்டாமல் கடைகளுக்கும் வாகன ஓட்டுநர்களுக்கும் வருவாய் தருவர் என்பது ஆதரவாளர் கருத்து. ஆனால் பயணிகள் ஊரில் தங்குவது சில மணி நேரமே. உணவும் உறக்கமும் கப்பலிலேயே அடங்கிவிடுவதால் ஊருக்குக் கிடைக்கும் பங்கு சிறியது என்ற விமரிசனம் உலகின் பல துறைமுக நகரங்களிலும் எழுந்துள்ளது. இத்தாலியின் வெனிசு நகரில் 2021 முதல் பெரிய கப்பல்கள் நகரின் நடுக்கால்வாய் வழியே செல்லத் தடை விதிக்கப்பட்டது.

புதுச்சேரியில் வைத்திக்குப்பம், குருசுக்குப்பம், வம்பாகீரப்பாளையம், வீராம்பட்டினம் முதலிய மீனவர் ஊர்கள் இக்கடலையே நம்பியுள்ளன. கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உள்ளது. 2022இல் கப்பல் வந்தது இத்தடைக் காலத்தில். 2025இல் வந்தது தடை முடிந்த பிறகு. கப்பல் நிற்கும் இடமும் படகுகள் செல்லும் வழியும் வலை விரிக்கும் இடங்களோடு குறுக்கிடாமல் முன்கூட்டியே வரையறுக்கப்பட வேண்டிய தேவை இரண்டாவது சூழலில்தான் மிகுதி.

சுற்றுச்சூழல்

கப்பல்கள் கடலை மாசுபடுத்துவதைத் தடுக்கும் மார்ப்போல் என்னும் பன்னாட்டு உடன்பாடு, நெகிழிப் பொருட்களைக் கடலில் எறிவதை முற்றிலும் தடை செய்கிறது. கழிவுநீரையும் உணவுக் கழிவையும் கரையில் இருந்து குறிப்பிட்ட தூரத்திற்கு அப்பாலும், குறிப்பிட்ட முறையிலுமே வெளியேற்றலாம். புதுச்சேரியின் கடற்கரை ஏற்கனவே பாதிப்புக்கு உள்ளானது. துறைமுக முகத்துவாரத்தில் கட்டப்பட்ட அலைத்தடுப்புச் சுவர்கள் தெற்கில் இருந்து வடக்கே நகரும் மணலைத் தடுத்ததால், நகரின் மணற்பரப்பு அரிக்கப்பட்டுக் கருங்கற்களே எஞ்சின. பின்னர் கடலடித் தடுப்பு அமைத்து ஒரு பகுதியில் மணல் மீட்கப்பட்டது. கப்பல் அணைவதற்கெனப் புதிய கட்டுமானம் எதுவும் திட்டமிடப்பட்டால் இவ்வனுபவம் கருத்தில் கொள்ளத்தக்கது.

தொடர்புடைய பிற பயணங்கள்

சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழியில் ஓடிய சிதம்பரம் கப்பல் தமிழரிடையே நன்கு அறியப்பட்டது. இது 1966இல் பிரெஞ்சு நிறுவனமான மெசாழரி மரித்தீம் நிறுவனத்திற்காகப் பாஸ்தர் என்ற பெயரில் இயங்கத் தொடங்கிப் பின்னர் இந்தியாவுக்கு விற்கப்பட்ட கப்பலாகும். 1985இல் ஏற்பட்ட தீ விபத்துடன் இதன் பயணிகள் சேவை முடிவுற்றது. எம்பிரஸ் கப்பல் 2023 ஜூன் மாதம் சென்னையில் இருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களுக்கும் சென்றது. நாகப்பட்டினம் - காங்கேசன்துறை பயணிகள் கப்பல் சேவை 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கிச் சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கப்பட்டது.

இவற்றையும் பார்க்க

* புதுச்சேரி
* ஆனந்தரங்கப் பிள்ளை
* சென்னைத் துறைமுகம்
* காங்கேசன்துறை