ஏரி வாரியமும் கால்வேலி நிலமும்

தமிழகத்தில் ஊராட்சி குறித்துப் பேசப்படும் மேடை எதுவாயினும் அங்கே உத்திரமேரூரின் பெயர் ஒலிக்காமல் இருப்பதில்லை. வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில், முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற குடவோலை முறை நம் பெருமிதங்களுள் ஒன்று. அப்பெருமிதத்தில் பிழையில்லை. ஆயினும் அக்கல்வெட்டுகளை முழுமையாக வாசிக்கும்போது இரண்டு செய்திகள் ஒருங்கே கிடைக்கின்றன. ஓர் ஊர் தன் நீரையும் நிலத்தையும் தானே ஆண்ட முறை ஒன்று. அந்த ஆட்சியில் இடம்பெறத் தகுதியற்றவராக எவரெல்லாம் விலக்கப்பட்டனர் என்பது மற்றொன்று. முதற்செய்தியை மேடைக்கு எடுத்துக்கொண்டு இரண்டாவதைக் கோயிற் சுவரிலேயே விட்டுவிடுவது நம் வழக்கமாகிவிட்டது. ஏழை உழவரின் கையில் அதிகாரம் சேர்வது பற்றிச் சிந்திக்க விழைவோர்க்கு இரண்டுமே தேவை.

உத்திரமேரூர்ச் சதுர்வேதிமங்கலம் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்புதோறும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஏதுமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலை எடுப்பித்தனர். இவ்வாறு தெரிவானவர்களிலிருந்து சம்வத்சர வாரியத்திற்கு 12 பேரும், தோட்ட வாரியத்திற்கு 12 பேரும், ஏரி வாரியத்திற்கு 6 பேரும் அமர்த்தப்பட்டனர். பதவிக்காலம் 360 நாள். முந்தைய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர்க்கு மீண்டும் வாய்ப்பில்லை. வாரியம் செய்து கணக்குக் காட்டாது போனவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்கு உரியவர் அல்லர். கணக்குக் காட்டாதவரின் சுற்றத்தையே விலக்கி வைத்த அக்கண்டிப்பு இன்றைய நம் உள்ளாட்சிச் சட்டங்களில் இல்லை.

இவ்வமைப்பில் ஏரிக்கெனத் தனி வாரியம் இருந்தது கவனத்திற்குரியது. ஏரி என்பது தனியொருவரால் பேணக்கூடிய பொருளன்று. வரத்துக்கால் ஒருவர் நிலத்தின் வழியே வரும். கலிங்கு வழிந்தால் அடுத்த ஊர் ஏரி நிறையும். கடைமடைக்காரனின் பயிர் தலைமடைக்காரனின் நேர்மையைச் சார்ந்து நிற்கும். கரையை உயர்த்துவதும், மதகைச் செப்பனிடுவதும், ஆண்டுதோறும் படியும் வண்டலை அகற்றுவதும் ஊர் கூடிச் செய்யவேண்டிய பணிகள். இவற்றிற்கென ஏரிப்பட்டி என்னும் பெயரில் நிலங்கள் ஒதுக்கப்பட்டதையும், ஏரி ஆயம் தண்டப்பட்டதையும் சோழர், பல்லவர் காலக் கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. உத்திரமேரூரின் வைரமேக தடாகமும் இத்தகைய பராமரிப்பினால்தான் நிலைபெற்றது.

இன்று நீடித்த வேளாண்மை என்று நாம் அழைப்பதன் அடிப்படையும் இதுவே. கோடையில் ஏரியில் எடுத்த வண்டல் வண்டியில் ஏறி வயலுக்குச் சென்றது. ஏரியின் கொள்ளளவு காக்கப்பட்டது. வயலுக்கு உரமும் கிடைத்தது. நீர்ப்பிடிப்பில் வளர்ந்த புல் கால்நடைக்கு உணவாயிற்று. அக்கால்நடையின் சாணம் மீண்டும் மண்ணுக்கே திரும்பியது. ஏரியின் நீர்மட்டத்தோடு ஊர்க்கிணறுகளின் நீரும் ஏறியது. இச்சுழற்சியில் ஒரு கண்ணி அறுந்தாலும் மற்றவை தளர்ந்துவிடும். அக்கண்ணிகளைப் பிணைத்திருந்தது ஊரின் பொது முடிவே. ஊரின் தன்னாட்சியும் நிலைத்த வேளாண்மையும் வெவ்வேறு பொருள்கள் அல்ல என்று நாம் கொள்வது இதனால்தான். நிலமும் நீரும் கூடுமிடத்தை உண்டாக்குவதே அரசனின் நிலைத்த புகழ் எனப் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு அறிவுறுத்திய குடபுலவியனாரின் பாடல் புறநானூற்றில் 18ஆம் பாடலாக இடம்பெற்றிருப்பது நாம் அறிந்ததே.

இனி இரண்டாவது செய்திக்கு வருவோம். குடவோலையில் பெயர் இடம்பெற ஒருவருக்கு வரி செலுத்தும் கால்வேலி நிலமேனும் இருக்கவேண்டும், சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும், வயது 35க்கும் 70க்கும் இடைப்பட்டதாக இருத்தல் வேண்டும், வேதக்கல்வி வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாடியமும் வல்லவராயின் அரைக்கால் வேலி போதும் என்ற தளர்வும் உண்டு. பிரமதேய ஊரின் சபை அது. பிற ஊர்களில் இருந்த ஊரவை வேளாண் நிலக்கிழார்களுடையது, நகரம் வணிகருடையது. மூன்றிலும் உழுதவனுக்கு, அவன் நிலமற்றவனாயின், இடமில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் ஊர்நத்தத்தோடும் கம்மாணச்சேரியோடும் பறைச்சேரியும் இறையிலி நிலங்களின் பட்டியலில் வருகிறது. சேரி இருந்ததற்குச் சான்றுண்டு. சேரியின் குரல் சபையில் ஒலித்ததற்குச் சான்றில்லை.

பிற்காலச் சிற்றிலக்கியமான பள்ளு இந்நிலையை மேலும் தெளிவாகக் காட்டுகிறது. முக்கூடற்பள்ளு முதலிய நூல்களில் நெல்வகையையும், மாட்டின் சுழியையும், ஆற்றில் வெள்ளம் வரும் குறியையும் அறிந்தவனாகப் பள்ளன் வருகிறான். வேளாண் அறிவு முழுவதும் அவனுடையது. எனினும் பண்ணைக்காரனின் சினத்திற்கு ஆளாகித் தொழுவில் மாட்டப்படுபவனும் அவனே. நகைச்சுவைக்காகப் பாடப்பட்ட காட்சி எனினும், அறிவு ஓரிடத்திலும் அதிகாரம் வேறிடத்திலும் இருந்த சமூகத்தின் வாக்குமூலமாகவே அதனை நாம் வாசிக்கவேண்டியுள்ளது. ஏரிப் பாசனத்திலும் நிலைமை இவ்வாறே இருந்தது. மடை திறந்து நீரை அளந்து பாய்ச்சிய நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி, மடையர் முதலியோர் பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினரே. ஊராரின் நீர்ப்பங்கை அளந்து கொடுத்த அவர்களுள் பலருக்கு அந்த ஆயக்கட்டில் சொந்த வயல் இருந்ததில்லை.

ஆங்கில ஆட்சி இவ்வமைப்பைத் திருத்தவில்லை. அதன் பொதுத்தன்மையை மட்டும் குலைத்தது. சென்னை மாகாணத்தில் தாமஸ் மன்றோவின் காலத்தில் வேரூன்றிய ரயத்துவாரி முறை, ஊரை விடுத்து ஒவ்வொரு பட்டாதாரரோடும் தனித்தனியே கணக்குத் தீர்த்தது. ஏரி அரசின் சொத்தாயிற்று. ஏரிக்கென ஒதுக்கிய வருவாய்களுள் பல அரசின் பொது வருவாயில் கலந்தன. ஆனால் ஏரியைப் பேணும் உழைப்பை மட்டும் ஊரிடமிருந்தே அரசு எதிர்பார்த்தது. குடிமராமத்து என்னும் வழக்கம் தளர்ந்தபோது, 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் அதனைச் சட்டக் கடமையாக்க முயன்றது. உரிமையைப் பறித்துக்கொண்டு கடமையை மட்டும் விட்டுவைத்தால் அக்கடமை நெடுநாள் நில்லாது. 1876-78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சத்திற்குப் பின் 1883இல் ஏரிச் சீரமைப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. அதுவும் ஊரைக் கலவாத பொறியாளர் திட்டமாகவே நடந்தது.

குடிமராமத்தை இழந்த பொற்காலமாகப் போற்றும் எழுத்துகள் இன்று மிகுதி. அவற்றோடு நாம் ஓரளவே உடன்பட முடிகிறது. ஊர்ப்பொதுப்பணி உயர்ந்ததே. ஆனால் கரையில் மண் சுமந்தவர் பெரும்பாலும் நிலத்தின் உடைமையாளர் அல்லர். அவரிடம் பண்ணையாளாக இருந்தவர். ஒருவருக்குக் கூட்டுறவாகத் தோன்றியது இன்னொருவருக்குக் கூலியில்லா வேலை.

விடுதலைக்காலத்தில் இவ்விரு பார்வைகளும் நேருக்கு நேர் நின்றன. தஞ்சாவூரில் 1892இல் பிறந்த ஜே.சி. குமரப்பா, சிறையிலிருந்தபோது எழுதி 1945இல் வெளியான நிலைத்த பொருளாதாரம் குறித்த நூலில், இயற்கையின் சுழற்சியை அறுக்காத உழவையும் ஊரளவிலான உற்பத்தியையும் வலியுறுத்தினார். அவர் தலைமையிலான காங்கிரஸ் வேளாண் சீர்திருத்தக் குழு 1949இல் அளித்த அறிக்கையில் உழுபவர்க்கே நிலம் என்ற கருத்து முதன்மை பெற்றது. நிலமில்லாதவர்க்குத் தற்சார்பு என்பது வெறுஞ்சொல் என்பதை அவர் உணர்ந்திருந்தார். மறுபுறம், 1948 நவம்பர் 4இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தை அரசியலமைப்பின் அலகாகக் கொள்ள மறுத்து, சாதியும் குறுகிய மனமும் உறையும் இடமாக அதனைச் சாடினார். அதே மாதத்தில் க. சந்தானம் முன்மொழிந்த திருத்தத்தின் வழியாகவே கிராம ஊராட்சி 40ஆம் பிரிவாக, கட்டாயமற்ற வழிகாட்டு நெறியாக இடம்பெற்றது. குமரப்பாவும் அம்பேத்கரும் எதிரெதிர் நின்றதாகவே நாம் வழக்கமாக எழுதுகிறோம். உத்திரமேரூரின் இரு செய்திகளையும் அருகருகே வைத்தால், ஒருவர் ஏரி வாரியத்தையும் மற்றவர் கால்வேலி நிபந்தனையையும் கண்டார் என்றே தோன்றுகிறது.

1958ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்திற்குப் பின் தமிழகத்தின் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்கள் இரண்டாகப் பிரிந்தன. 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு உடையவை ஊராட்சி ஒன்றியங்களிடமும், பெரியவை பொதுப்பணித் துறையிடமும் சேர்ந்தன. 1960களுக்குப் பின் மின்மோட்டார்கள் பெருகவே, கிணறு வெட்ட வசதியுள்ளோர்க்கு ஏரியின்மேல் அக்கறை குறைந்தது. கிணறில்லாச் சிறு உழவரும், ஏரியில் மீனும் விறகும் புல்லும் நாடிய நிலமற்றோருமே எஞ்சினர். ஒருகாலத்தில் நிலக்கிழாரின் உடைமையாக இருந்த ஏரி, கேட்பாரற்ற நிலையை அடைந்தபோது ஏழையின் நீராயிற்று.

இத்தகைய வேளையில்தான் 73ஆம் அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்தது. வேளாண்மையும் சிறுபாசனமும் ஊராட்சிக்கு உரிய 29 துறைகளுள் இடம்பெற்றன. பெண்களுக்கும் பட்டியல் சாதியினர்க்கும் இடஒதுக்கீடு வந்தது. 18 வயது நிரம்பிய வாக்காளர் அனைவரும் கிராம சபையின் உறுப்பினர் ஆயினர். கால்வேலி நிபந்தனை சட்டத்தில் அன்று ஒழிந்தது.

ஊரில் அது அத்தனை எளிதில் ஒழியவில்லை. 1996ஆம் ஆண்டுத் தேர்தலில் மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினர்க்கு ஒதுக்கப்பட்டது. தடைகளைக் கடந்து தலைவரான முருகேசனும் உடனிருந்த ஐவரும் 1997 ஜூன் 30இல் பேருந்துப் பயணத்தில் வழிமறித்துக் கொல்லப்பட்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊர்களில் 2006 வரை பத்தாண்டுகள் ஊராட்சி அமையவிடாது தடுக்கப்பட்டது. ஒரு சிறு பதவிக்கு இத்தனை பகையா எனச் சிலர் வியந்தனர். மீன் குத்தகையும், மரக் குத்தகையும், பொதுநிலமும், ஊர்ப்பணிகளும் யார் கையொப்பத்தில் நடக்கும் என்பதை அப்பதவியே தீர்மானிக்கிறது. பள்ளு காலத்தில் தொழுவில் மாட்டப்பட்டவன் சபையின் தலைமையிருக்கையில் அமர்வது எத்தகைய மாற்றம் என்பதை எதிர்த்தவர்கள் நம்மினும் நன்றாக உணர்ந்திருந்தனர்.

மாற்றம் இயலும் என்பதற்கும் சான்றுகள் உண்டு. திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தில் 1996இல் தலைவரான இளங்கோ, ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த வேதிப்பொறியாளர். ஒட்டிய இரட்டை வீடுகளில் இரு சமூகத்தாரும் அண்டையராய் வாழும் குடியிருப்பை ஊராட்சியின் வழி அமைத்தார். கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25இல் 44 பேர் எரிக்கப்பட்ட துயரத்திற்குப் பின் கீழத்தஞ்சையில் பணியாற்றச் சென்ற கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதியர் 1981இல் லாப்டி அமைப்பைத் தொடங்கி, ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்தை விலைபேசி நிலமற்ற பெண்களின் பெயருக்கே பதிவு செய்வித்தனர். அவ்வயல்களைக் கடலோர இறால் பண்ணைகளின் உப்புநீர் அச்சுறுத்தியபோது ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் உழவர் சார்பாகத் தீர்ப்பளித்தது. நிலம் கைக்கு வந்த பிறகே மண்ணைக் காக்கும் போராட்டத்திற்கு அவர்களிடம் வலிமை பிறந்தது என்பதை இங்கு நாம் கருதவேண்டும். 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் கீழ் ஏரிகளில் தூர்வாரிய பெண்களுக்குக் கிடைத்த கூலியும் இவ்வரிசையில் சேரும். மண் சுமப்பது அங்கே பண்ணைக் கடமையாக இல்லாமல் ஊதியமுள்ள உரிமையாக இருந்தது.

ஆயினும் பழைய கால்வேலி வேறு வடிவங்களில் திரும்பி வருவதையும் காண்கிறோம். 2000ஆம் ஆண்டின் தமிழ்நாடு விவசாயிகள் பாசன மேலாண்மைச் சட்டம் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களை அமைத்தபோது, ஆயக்கட்டில் நில உடைமையுள்ளோரையே உறுப்பினராக்கியது. ஏரியில் ஆடு மேய்ப்பவருக்கும், மீன் பிடிப்பவருக்கும், வயலில் நாற்று நடும் பெண்ணுக்கும் கிராம சபையில் வாக்குண்டு. ஏரியின் சங்கத்தில் இல்லை. 2017இல் அரசு குடிமராமத்து என்னும் பெயரை மீட்டெடுத்தபோதும் பணி ஆயக்கட்டு உழவர் சங்கங்களின் வழியே சென்றது. கிராம சபைக்கும் ஏரிக்கும் இடையே பாலம் அமையவில்லை.

சபையேனும் தொடர்ந்து இருந்ததா எனில் அதுவுமில்லை. 2016 அக்டோபரில் நடந்திருக்கவேண்டிய உள்ளாட்சித் தேர்தல் தடைப்பட்டு, ஊரகப் பகுதிகளில் 2019 டிசம்பரில்தான் பெரும்பாலான மாவட்டங்களில் நடைபெற்றது. இடைப்பட்ட மூன்றாண்டுகள் தனி அலுவலர்களின் ஆட்சி. அவ்வூராட்சிகளின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோது மீண்டும் தனி அலுவலர்களே பொறுப்பேற்றனர். 360 நாளுக்கொருமுறை வாரியத்தை மாற்றிய ஊரைப் பற்றிப் பெருமை பேசும் நாம், தேர்ந்தெடுக்கப்பட்டவர் எவருமின்றி ஊர்கள் ஆண்டுக்கணக்கில் கிடந்ததைப் பெரிதாகப் பேசவில்லை.

உத்திரமேரூர்க் கல்வெட்டிலிருந்து நாம் கொள்ளவேண்டியவை பல: ஏரிக்கெனத் தனி வாரியம், குறுகிய பதவிக்காலம், கணக்குக் காட்டாதவர்க்கு இடமில்லை என்ற உறுதி. தள்ளவேண்டியது ஒன்று: கால்வேலி. சிறு ஏரிகளின் பொறுப்பைக் கிராம சபையிடம் ஒப்படைத்து, அதன்கீழ் நிலமுடையோரும் அற்றோரும் சேர்ந்த ஏரி வாரியம் அமைத்து, மீன் குத்தகையும் மரவருவாயும் அந்த ஏரிக்கே திரும்பும் வகை செய்வதற்குப் புதிய தத்துவம் எதுவும் வேண்டியதில்லை. ஏரிப்பட்டி என்ற பழைய சொல்லும் கிராம சபை என்ற புதிய சொல்லும் ஒரே ஆணையில் இடம்பெற்றாலே போதும்.